தலை மட்டும் ஆய்வுக்கு

ஹட் பே துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்த கலவா மீன்கள் ஐஸ் பெட்டியில் வாய் பிளந்து கிடந்தன. போர்ட் பிளேர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் சுகுணாவுக்கு அந்த வழவழப்பு பழகவில்லை. தொட்டாலே உடம்பு கூசியது.

மீனின் காதுக்குள் சிறு கல் இருக்கும். அதை மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் சுழற்றி, படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து வளர்ந்திருக்கின்றன என்று அளப்பதுதான் அவள் வேலை. தலை ஆய்வுக்கு, உடம்பை டிரைவர் முருகையா பின்கட்டில் பொரித்துவிடுவார்.

சுனாமி அவள் கணவன் ரவிச்சந்திரனை ஹட் பே ஜெட்டியில் வைத்துக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று மாமியார் ரெங்கம்மா ஆறு வருடமாகக் கெஞ்சுகிறாள். சுகுணா தாலியைக் கழற்றுவதாக இல்லை. எங்கோ கரையேறியிருப்பான், வந்துவிடுவான். அதுவரை மீன் சாப்பிடுவதில்லை என்றிருந்தவளை, போன மாதம் முருகையாவின் வறுவல் வாசனை தோற்கடித்துவிட்டது.

இன்றும் முள்ளைச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் தலையைப் பிளந்தாள்.

குப்பென்று நாற்றம்.

வலது காதில் கல் சரியாக இருந்தது. இடது காதில் பெரிதாக ஒன்று, மஞ்சள் சளி போர்த்தி, எலும்புக்குள் புதைந்திருந்தது. அருவருப்பை அடக்கிக்கொண்டு பிடுங்கினாள். ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

மீன்கல்லில் படிகங்கள் குடைக்கம்பி போல விரியும். இதில் விரியவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நெருக்கியடித்து நின்றன. சுழற்றினாள். மொத்தமும் ஒன்றாக இருண்டது.

பயிற்சியில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள்.

பல்.

மிச்சத்தைக் கழுவித் தட்டில் வைத்தாள். மனிதனின் முன்பல். மூலை சாய்வாக உடைந்திருந்தது. சோடா மூடியைக் கடித்துத் திறந்து ரவி உடைத்துக்கொண்ட அதே மூலை.

"அண்ணே... இந்த மீனோட உடம்பு எங்க?"

"அரே, அதத்தானே இப்ப கானாவுல தின்னு முடிச்ச தங்கச்சி! இன்னொரு துண்டு வேணுமா?"

வாஷ்பேசினுக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. எத்தனை கொப்பளித்தும் ருசி போகவில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் பல் இல்லை.

நாக்கில் ஏதோ கீறியது. அவள் முன்வரிசையில், மூலை சாய்வாக உடைந்த ஒரு பல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமி, காரியம் செஞ்சிருவோம். அவரு இல்ல."

ரெங்கம்மா அவள் முன்பல்லையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கிழவியின் முகம் மலர்ந்தது.

"யாருக்குக் காரியம்?" மருமகளின் கன்னத்தைத் தடவினாள். "நீதான் வந்துட்டியே, ராசா."