எட்டாம் நம்பர் ஷூ

ஒரே ஷூவின் மேல் இரண்டு கைகள் விழுந்தன. ஒன்று அவளுடையது. இன்னொன்று... நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

மலையடிவாரத்தில் ஒரு கடைக்காரர் வேனை நிறுத்தி, மலைப்பாதையில் ஓடுவதற்கான புது ஷூக்களைப் பரப்பியிருந்தார். மாட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓடிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். காலில் இருப்பதே தெரியாது, அவ்வளவு லேசு என்று கேள்விப்பட்டு, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தே அலுத்துப்போனவள் ஆசையாக வந்திருந்தாள். அதற்குள் கூட்டம் அள்ளிக்கொண்டு போனதுபோக, மிச்சம் இரண்டே ஜோடி.

"இது எட்டாம் நம்பருங்க" என்றான் அவன்.

சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்கோ காது மடல் வரை சுட்டது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'படகு' என்று பேர். அவளுடைய செருப்பில் பிள்ளையைப் போட்டுத் தூங்க வைக்கலாம் என்று அக்கா இன்றைக்கும் கேலி செய்வாள். பாதத்தை யாரும் பார்க்க முடியாது என்பதற்காகவே கவுண்டர் வேலையை விரும்பியவள் அவள்.

"தெரியும். எனக்கு ஆறு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்த ஆறாம் நம்பரைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்... பிறகு பேசாமல் எட்டை எடுத்துக்கொண்டான்.

விரல்களை மடக்கித் திணித்துக்கொண்டு ஓடினாள். ஏற்றத்தில் எப்படியோ சமாளித்தாள். கூடவே ஓடிவந்தவன் பல் டாக்டராம். ஊரெல்லாம் தன்னைப் பார்த்தாலே பயப்படுகிறது என்று குறைப்பட்டான். அவள் சிரித்தாள். பாவி, கண்ணும் அழகாக இருக்கிறதே என்று நினைத்தாள்.

இறக்கத்தில்தான் வினை. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் ஷூவின் நுனியில் போய் இடித்து உயிர் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டாள். வீம்புக்கு ஆறு என்றாயே, அனுபவி.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். ஒற்றை ஷூ மட்டும் உருண்டு வந்து அவள் முன்னால் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு கைக்குட்டை எட்டிப் பார்த்தது.

ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்தான் அவன். முகம் சிவந்திருந்தது.

"எனக்குத்தாங்க ஆறு" என்றான். "அதை எடுக்கத்தான் எட்டை நகர்த்தினேன். ஆம்பளைக்கு இத்தனூண்டு காலான்னு நீங்க சிரிச்சிடுவீங்களோன்னு... ஊரையே வாயைத் திறக்கச் சொல்றவன் நான். உங்க முன்னாடி என் வாய் திறக்கலை."

அவள் சிரித்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. தன் வெட்கத்தை மறைக்க இவனுடைய ஷூவைப் பிடுங்கி, இவனைத் தடுக்கி விழவும் வைத்துவிட்டோமே என்று கூசிப்போனாள்.

பாறையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். கட்டைவிரல் நகம் கருநீலமாகியிருந்தது. ஒரு ஆணின் முன்னால் முதல்முறையாகப் பாதத்தை முழுசாக நீட்டினாள்.

"பார்த்துக்குங்க. எட்டு. படகுன்னுகூடச் சொல்லலாம்."

அவன் பார்த்தான். "ரொம்ப வலிக்குதா?" என்று மட்டும் கேட்டான். கைக்குட்டையை உருவிவிட்டு, தன் ஷூக்களை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மாற்றிக்கொண்டார்கள். அதன்பிறகு ஷூ காலில் இருப்பதே தெரியவில்லை.

வேனுக்கு வந்ததும், அளவெல்லாம் சரியாக இருந்ததா என்று கடைக்காரர் கேட்டார். சுற்றிலும் நாலு பேர் நின்றிருந்தார்கள். வழக்கமான பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எனக்கு எட்டு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எனக்கு ஆறு" என்றான் அவன், கொஞ்சம் மெதுவாக.

மழை வலுத்தது. ஷூக்களைக் கழற்றி வைத்துவிட்டு, வேனின் தூக்கி நிறுத்திய பின்கதவுக்கு அடியில் இருவரும் ஒதுங்கினார்கள். அடுத்த வாரமும் ஓட வருவாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நகம் ஆறினதும் வரேன்" என்றாள். பிறகு, இன்றைக்கு விட்டால் என்றைக்கும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது. "வந்ததும் உங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன்... இது நிஜம். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எனக்கும்தான்... அந்த எட்டு மேல கை வச்சப்பவே" என்றான்.

பார்வையைத் தாழ்த்தினாள். அவனுடைய சின்னப் பாதத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பெரிய பாதம் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவேயில்லை.