பொன்ச்செக் சாப்பிட மறுத்தது

கிண்ணம் காலியாக இருந்தது. யாகோடாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கோழி ஈரலையும் கழுத்துக்கறியையும் வேகவைத்து அரைத்த கஞ்சியை அந்தக் கிண்ணத்தில் இரண்டு விரல் ஆழத்துக்கு ஊற்றி வைத்திருந்தாள். இப்போது மாலை நாலு மணி. ஜன்னலுக்கு வெளியே லூப்ளின் நகரம் அதற்குள் இருட்டிவிட்டது. கிண்ணத்தில் ஒரு சொட்டு இல்லை, நக்கிய தடம்கூட இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தது. அப்பாடா, சாப்பிட்டுவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியவள், பொன்ச்செக்கைத் தூக்கிச் சமையலறைத் தராசில் உட்கார வைத்தாள். எழுநூற்று நாற்பது கிராம். நேற்றைவிட இருபது குறைவு.

பொன்ச்செக் ஒரு ஃபெரெட். கீரியைப் போல நீண்ட உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்ப் பதுக்கும் திருட்டுப் புத்தி. குட்டியாக இருந்தபோது ஜாம் வைத்த பன்னைப் போல உருண்டையாக இருந்ததால் அவள் கணவன் ஸெனோன் அந்தப் பன்னின் பெயரையே வைத்தான். அது அவனுடைய செல்லம். அவன் கையால் கொடுத்தால்தான் சாப்பிடும். மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த ஸெனோனுக்கு வலது கைச் சுட்டுவிரல் கிடையாது, ரம்பத்துக்குப் போய்விட்டது. நடுவிரலைக் கஞ்சியில் தோய்த்து நீட்டுவான். "எனக்கு யாரையும் சுட்டிக் காட்டிக் குத்தம் சொல்ல வராது, அதான் இவனுக்கு என்னைப் பிடிக்குது" என்பான். நவம்பர் முதல் வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து பொன்ச்செக் தானாகச் சாப்பிடவில்லை; அவள் ஊட்டினால் ஒன்றிரண்டு வாய் நக்கும், அவ்வளவுதான்.

"இதுங்க குட்டியில எந்த வாசனையோட சாப்பிட்டுப் பழகுதோ, அதைத்தான் சாப்பாடுன்னு நம்பும்" என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். "கஞ்சியை லேசா சூடு பண்ணி விரல்ல தொட்டு மூக்குல தடவுங்க. உங்க வீட்டுக்காரர் போட்ட துணி ஏதாச்சும் பக்கத்துல இருக்கட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ள போயாகணும்மா. விட்டீங்கன்னா ரத்தத்துல சர்க்கரை இறங்கிடும், அப்புறம் என் கையில ஒண்ணுமில்ல."

அதனால்தான் ஸெனோனின் பழைய கம்பளிச் சட்டையை, மரத்தூளும் சிகரெட்டும் மணக்கும் அந்தச் சட்டையை, சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி முதுகில் மாட்டினாள். அவன் இடத்தில் அவன் தட்டையும் வைத்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்ததாக நினைத்தாவது பொன்ச்செக் வாய் திறக்காதா என்ற நப்பாசை. அந்தத் தட்டை அவள் பிறகு எடுக்கவே இல்லை. ஆறு வாரமாக அங்கேயே இருந்தது. இந்தப் பிராணியும் போய்விட்டால் ஸெனோன் இருந்த வீடு இது என்பதற்கு உயிருள்ள சாட்சி எதுவும் மிச்சமிருக்காது. 

மதிய வேளைக் கஞ்சியைக் கொடுக்கச் சாவி வைத்திருந்தவள் கீழ் வீட்டு லூட்சினா. டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். குரலும் பஸ் மாதிரிதான். யாகோடா அவளைச் சந்தேகப்பட்டாள். வேறு யாரைச் சந்தேகப்படுவது? அவளை மேலே கூப்பிட்டு நேராகவே கேட்டாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. கஞ்சியைக் கீழ கொட்டிட்டு, சாப்பிட்டுடுச்சுன்னு சொல்றீங்களா?"

"ஏண்டி, ஈரல் கஞ்சியைக் குடிச்சுத்தான் நான் இப்படிக் கொழுத்தேன்னு நினைச்சியா?" லூட்சினா இடுப்பில் கை வைத்தாள். "நான் வரும்போதே கிண்ணம் காலி. ஏழு நாளா காலி. நீதான் வைக்க மறந்துட்டுப் போறேன்னு நினைச்சேன். புருஷன் போன துக்கம், பாவம்னு வாயை மூடிக்கிட்டு நானே ஊத்தி வெச்சுட்டுப் போறேன்."

"நான் மறக்கல."

"அப்போ நானும் திருடல."

 லூட்சினாவின் கண் நாற்காலியில் மாட்டியிருந்த சட்டைக்குப் போனது, பிறகு தட்டுக்கு. "இதை எப்ப வெச்ச?"

"அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள்."

"தினமுமா?" லூட்சினாவின் குரல் இறங்கியது. "அறிவிருக்கா உனக்கு? எதிர்பாராத விருந்தாளிக்குன்னு காலித் தட்டு வைக்கிறது கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு நாளைக்குத்தான். அன்னைக்கு வர்றவன் சாப்பிட்டுட்டுப் போயிடுவான். தினம் வெச்சா வழில போறவன் எவனும் வந்து உக்காருவான். உக்காந்தவன் எந்திரிக்க மாட்டான்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அக்கா."

"நான் அரளல. நீதான் அரண்டு போய் என்னைத் திருடிங்கிற." வாசல் வரை போனவள் திரும்பினாள். "நாளைக்குப் பண்டிகை. இன்னும் ஒரு ராத்திரி இருந்துட்டுப் போகட்டும். மறுநாள் காலையில தட்டை எடு, சட்டையைக் கழட்டு."

அவள் போன பிறகு யாகோடா வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். ஃபெரெட் பதுக்கும், அது அதன் பிறவிக் குணம். சோபாவுக்கு அடியில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், ஸெனோனின் பனிக்கால பூட்ஸுக்குள் எல்லாம் கைவிட்டுத் துழாவினாள். ஒரு காலுறை, மூன்று பாட்டில் மூடி, தொலைந்துபோன வீட்டுச் சாவி ஒன்று கிடைத்தன. இறைச்சி எங்கும் இல்லை. அழுகல் வாடைகூட இல்லை. அப்படியானால் ஏழு நாள் கறி எங்கே போனது?

மறுநாள் அவள் தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடைக்குப் போகவில்லை. கஞ்சிக்குப் பதில் ஈரல் துண்டுகளைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வெளியே போவதுபோல் கதவைச் சாத்திச் சத்தம் எழுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிச் சமையலறைக் கதவிடுக்கில் நின்றாள். குழாயிலிருந்து சொட்டும் நீர், அறையைச் சூடாக்கும் குழாயின் முனகல், மேல் மாடியில் யாரோ மீனின் தலையை வெட்டும் சத்தம். நெடுநேரம் கழித்துப் பொன்ச்செக் வந்தது. பின்னங்கால்கள் இரண்டும் தொய்ந்து தரையில் இழுபட்டன. கிண்ணத்தை முகர்ந்தது. ஒரு துண்டைக் கவ்வியது. விழுங்கவில்லை. எச்சில் ஒழுக, மூச்சிரைக்க, அதை இழுத்துக்கொண்டு ஸெனோனின் நாற்காலிக்கு அடியில் போனது. வெறும் வாயோடு திரும்பி வந்தது. இன்னொரு துண்டு. இன்னொன்று.

யாகோடா ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் ஒன்றும் இல்லை. தரை காய்ந்திருந்தது.

நிமிர்ந்தபோது சட்டை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஆறு வாரத்துக்கு முன் தொளதொளவென்று தொங்கிய சட்டை. இப்போது அதன் தோள்கள் நிறைந்திருந்தன. முழங்கை மடிப்பில் புதுச் சுருக்கங்கள். கழற்றிவிடலாம் என்று காலரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஓர் ஆள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தால் எப்படி வராதோ, அப்படி.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பயந்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்று துடித்தது, அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஸெனெக்?" என்றாள், அவனைக் கொஞ்சும்போது கூப்பிடும் பெயரை.

சூடாக்கிக் குழாய் முனகியது.

லூட்சினாவை அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் தட்டை எடுக்கச் சொல்வாள். பொன்ச்செக்கின் ஈறில் தேன் தடவினாள். அது நாக்கைக்கூட அசைக்கவில்லை. எழுநூறு கிராம். இன்று இரவைத் தாண்டாது என்று தெரிந்தது. அவன்தான் வந்திருக்கிறான் என்றால், அவன் கொடுத்தால் சாப்பிடும். அவ்வளவுதானே.

பண்டிகை வழக்கப்படி மேசையில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தாள். துணி நாலு பக்கமும் முழங்கால்வரை தொங்கியது. பீட்ரூட் சூப், பொரித்த கெண்டை மீன். நடுவில் அச்சுப் பதித்த மெல்லிய அப்பங்கள்: மனிதர்களுக்கு வெள்ளை, வீட்டுப் பிராணிக்கு இளஞ்சிவப்பு. எதிர்க் கட்டடத்துக்கு மேலே முதல் நட்சத்திரம் தெரிந்ததும் மெழுகுவத்தியை ஏற்றினாள். வந்திருக்கும் ஆன்மாவின் மேல் உட்கார்ந்துவிடக் கூடாது என்று, இந்த ராத்திரியில் நாற்காலியை ஊதிவிட்டு உட்காருவது வழக்கம். தன் நாற்காலியை ஊதினாள். பிறகு என்ன தோன்றியதோ, எதிரே இருந்த அவன் நாற்காலியையும் ஊதினாள்.

பதிலுக்கு ஒரு மூச்சு வந்தது.

வெதுவெதுப்பாக. ஈரல் கஞ்சி வாடையோடு. மெழுகுவத்தி அவள் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

அவள் உட்கார்ந்தாள்.  இளஞ்சிவப்பு அப்பத்தைச் சூடான கஞ்சியில் நனைத்து, மடியில் கிடந்த பொன்ச்செக்கின் மூக்கில் வைத்தாள். அது கவ்வியது. மடியிலிருந்து நழுவி, துணிக்கு அடியில் போனது. அதன் பின்னங்கால்கள் தரையில் தேய்ந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றன.

வைக்கோல் சரசரத்தது.

பிறகு அந்தச் சத்தம். ஆறு வாரமாக அவள் கேட்காத சத்தம். சப்புக்கொட்டி, மூச்சு வாங்கி, அவசர அவசரமாக மென்று விழுங்கும் சத்தம். சாப்பிடுகிறது. பொன்ச்செக் சாப்பிடுகிறது! யாகோடாவுக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"கொடு, ஸெனெக்" என்றாள். "இன்னும் கொடு. பாவம், பசியில கிடந்துச்சு."

துணிக்கு அடியில் கையை நீட்டினாள். ரோமம் தட்டுப்பட்டது, மெலிந்த விலா, படபடக்கும் சின்ன நெஞ்சு. அதையும் தாண்டி ஒரு கை. வெதுவெதுப்பான, கஞ்சி பிசுபிசுக்கும் ஆண் கை. அது அவள் கையைப் பற்றிக்கொண்டது. எத்தனை மென்மையாக. அவள் தேம்பினாள். இந்த வலது கையைக் கடைசியாக அவள் தொட்டது சவப்பெட்டியில்; ஜெபமாலை நழுவாமலிருக்க, சுட்டுவிரல் இருந்த இடத்து மொட்டையின் மேல் அதை இரண்டு சுற்று சுற்றினாள். அந்த மொட்டையைத் தடவிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பழகிய இடத்துக்கு அவள் கட்டைவிரல் போனது.

அங்கே விரல் இருந்தது.

நீளமாக. நகத்தோடு. முழுதாக.

தப்பான கையாக இருக்கும். இடது கையாக இருக்கும். அவள் மறுபடி தடவினாள். வலது கை. கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். மோதிரவிரல், அதில் மோதிரத் தழும்புகூட இல்லை. சுண்டுவிரல்.

ஐந்து.

கையை இழுத்தாள். அது விடவில்லை. எதிரே நிறைந்திருந்த சட்டை மெதுவாக முன்னால் சாய்ந்து, மேசையில் மார்பை அழுத்தியது. வைக்கோல் நொறுங்கியது. காலித் தட்டு அவள் பக்கமாக ஒரு அங்குலம் நகர்ந்து வந்தது.

துணிக்கு அடியில் பொன்ச்செக் நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.