காதுக்குள் இருந்த நத்தை

2004, மே 18. காலை 11.20.

காமயகவுண்டன்பட்டிக்குத் தெற்கே, விஜயபாண்டியின் திராட்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து கருத்தக்கண்ணனை மேலே தூக்கினார்கள். நாற்பதடி ஆழம். அடியில் முழங்காலளவு தண்ணீர். இருபது வருஷமாகக் கிணறு வெட்டிப் பிழைத்தவர், பிணமாகத்தான் மேலே வந்தார்.

கிணற்று மேட்டில் நின்ற கிரேனை ஓட்டுகிறவன் செல்லப்பாண்டி. செத்தவருக்கு மச்சினன், மனைவி சோணையம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவனிடம் பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

"நான்தாம்மா கொன்னுட்டேன்" என்று அழுதான். "பிரேக்க விட்டுட்டேன் போல. மச்சான் தொட்டியோட கீழ போயிட்டாக."

"போலன்னா? பாத்தியா, இல்லையா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலியம்மாள்.

"அசந்துட்டேம்மா. முதலாளி வந்து எழுப்புன பிறகுதான் எனக்கே தெரியும்."

அப்போதுதான் சோணையம்மாள் ஓடி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. கிணற்றிலிருந்து வெட்டிப் போட்டிருந்த மண்குவியலில் இரண்டு கையாலும் வாரித் தம்பியின் மேல் தூற்றினாள்.

"ஏலே, எந்தாலிய அறுத்த கை அழுகிப் போகும்! நீ வெளங்க மாட்ட! உன் வம்சம் மண்ணாப் போகும்!"

வேர்வையில் நனைந்த சட்டையில் மண் அப்பிக்கொண்டது. அவன் தட்டிவிடவில்லை. கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் உண்டு. பெண் வாரித் தூற்றிய மண்ணுக்கு இந்தப் பக்கம் அப்பீல் கிடையாது. கூட்டம் அவனையே பார்த்தது. விஜயபாண்டி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சங்கிலியம்மாள் பிணத்தின் அருகே குனிந்தார். நாற்பதடி விழுந்த உடம்பில் ரத்தம் அதிகமில்லை. தண்ணீரில் கிடந்ததால் முகம் சுத்தமாக இருந்தது. இடது காதுக்குள் மட்டும் சாம்பல் நிறக் களிமண் அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் அதை எடுத்துக் காகிதத்தில் மடித்தார்.

"செல்லப்பாண்டி, சட்டையைக் கழட்டு. மண்ணைத் தட்டாம கழட்டு."

பின்னால் ஒரு கான்ஸ்டபிள் சிரித்தான். சங்கிலியம்மாள் மூன்று வருஷம் மதுரையில் கல்லையும் மண்ணையும் படித்துவிட்டுக் காக்கி போட்டவர். ஸ்டேஷனில் அவருக்கு 'கல்லு மேடம்' என்று பெயர்.

11.50. விஜயபாண்டியிடம் விசாரணை.

"எத்தனை மணிக்கு விழுந்தார்?"

"பத்து, பத்தேகால் இருக்கும் மேடம்."

"நீங்க?"

"பந்தலுக்குக் கீழ நின்னேன். தண்ணி இல்லாம கொடி பூராம் காஞ்சு கெடக்கு. கொடுமை."

"தோட்டம் தவிர வேற தொழில்?"

"ஊமையன் குளத்துக் கரையில ஒரு செங்கச் சூளை இருக்கு. சின்னதுதான்."

சங்கிலியம்மாள் தலையாட்டினார். கொட்டகையில் நின்ற டிராக்டர் டிரெய்லரைத் தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் கழுவியிருந்தது, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பிற்பகல் 1.30. இன்ஸ்பெக்டரிடமிருந்து போன்.

"குடிச்சவன் ஒத்துக்கிட்டான். அஞ்சு மணிக்குள்ள ரிமாண்ட் பண்ணி முடிங்கம்மா."

மூன்றரை மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு செல்லப்பாண்டி ஜெயிலுக்குப் போவான். தான் செய்ததாக அவனே நம்பும் குற்றத்துக்காகப் போவான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டேஷன் மேஜையில் இரண்டு எவர்சில்வர் தட்டு, ஒரு டீ வடிகட்டி, ஒரு செம்புத் தண்ணீர். சட்டையில் ஒட்டியிருந்ததை ஒரு தட்டில் அலசினார்: பருமணல், தேய்ந்து உடைந்த நத்தை ஓட்டுத் துணுக்குகள். காது மண்ணை இன்னொன்றில் அலசினார்: மாவு மாதிரிக் களிமண், கடுகளவில் ஐந்து நத்தைகள், ஒரு சின்னச் சிப்பி. ஐந்துமே முழுசு. ஓட்டின் வாயை அடைக்கும் சின்ன மூடிகூட அப்படியே இருந்தது. சிப்பியின் இரண்டு ஓடும் பிரியவில்லை.

"ஜீப்ப எடுய்யா" என்றார். "விஜயபாண்டியையும் ஏத்திக்க."

3.10. ஊமையன் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. சூளைக்கு நேர் கீழே, குளத்துக்குள், இருபதடிக்கு ஒரு பள்ளம். ஒரு பக்கம் புதிதாகச் சரிந்திருந்தது. அடியில் சாம்பல் நிறக் களிமண் ஒரு வரி, அதில் அதே கடுகளவு முழு நத்தைகள்.

சங்கிலியம்மாள் உள்ளங்கையை விரித்து, தட்டில் அலசி எடுத்த நத்தைகளைக் காட்டினார்.

"இது செத்து எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆயிருச்சு. புதைபடிவம். ஓடுற தண்ணியில செத்த நத்தை உருண்டு உருண்டு ஒடஞ்சிரும். உங்க கிணறு பழைய ஆத்துப் படுகை, அங்க எல்லாம் ஒடசல். இது அப்படி இல்ல. அசையாத தண்ணியில செத்திருக்கு. சேறு சட்டுனு மூடியிருக்கு. காத்து போகல, அதனால மூடிகூடக் கழறல. ஊரு வர்றதுக்கு முந்தி இங்க ஒரு ஏரி இருந்திருக்கு."

"அதுக்கு எனக்கென்ன மேடம்?"

"இது கருத்தக்கண்ணன் காதுக்குள்ள இருந்துச்சு."

விஜயபாண்டி குரலை உயர்த்தினார். "கிணத்து மண்ணுலயும் தேடுனா முழு நத்தை கிடைக்கும். நீங்களா எதையாச்சும் பொறுக்கிட்டு வந்து..."

"கிணத்து மண்ண நான் பொறுக்கல. சோணையம்மாள் வாரிப் போட்டா. ரெண்டு கை நிறைய, உங்க கண்ணு முன்னால. அதுல ஒரு முழு நத்தை இல்ல. உங்க டிராக்டருக்கு வருவோம். கொடி காயுற மே மாசத்துல அதைக் கழுவ மட்டும் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? பிரேதப் பரிசோதனையில மூச்சுக்குழாயிலயும் இதே களிமண்ணு வரும், பாருங்க. இங்க புதைஞ்சு செத்தவரை அங்க கொண்டுபோய்ப் போட்டது நீங்கதான்."

விஜயபாண்டி பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சூளைக்குத் தண்ணி வேணும்னு ஊத்துத் தோண்ட இறக்குனேன். எட்டரைக்குச் சரிஞ்சிருச்சு. கழுத்து வரைக்கும் மண்ணு. 'முதலாளி, முதலாளி'ன்னு கூப்பிட்டான்."

"உடனே தோண்டி எடுத்தீங்களா?"

விஜயபாண்டி சூளைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"குளம் கவர்மெண்டு இடம் மேடம். அதிகாரிக வந்தா பள்ளம் வெட்டுன ஜேசிபியப் புடிச்சிட்டுப் போயிருவாக. முதல்ல அதை ஓட்டிட்டுப் போயி சூளைக்குப் பின்னால மறைச்சேன். இருபது நிமிஷம் இருக்கும். வந்து பாத்தா மறுபடியும் சரிஞ்சு... தலையும் தெரியல."

"செல்லப்பாண்டி?"

"மச்சான் வர நேரமாகும்னு காலையிலயே பாட்டில் வாங்கிக் குடுத்துத் தூங்க வச்சேன். பிணத்தைத் தொட்டியோட கிணத்துல போட்டுட்டு அவன எழுப்பி, நீதான் பிரேக்க விட்டுட்டேன்னு சொன்னேன்."

அவரை அறைய வேண்டும் போலிருந்தது சங்கிலியம்மாளுக்கு. அறையவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறார்.

மாலை 6.05. செல்லப்பாண்டி வெற்றுடம்போடு ஸ்டேஷன் படியில் இறங்கினான். சட்டை சாட்சிப் பொருள், திரும்பக் கிடைக்காது. வாசலில் சோணையம்மாள் நின்றாள். அவன் அக்காவைப் பார்க்காமல் கடந்து, கம்பம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

"ஏலே, செல்லப்பாண்டி!"

பஸ் கிளம்பிவிட்டது.

ஆறுதலுக்கு என்ன சொல்வதென்று சங்கிலியம்மாளுக்குத் தெரியவில்லை. "நீ தூத்துன மண்ணுதான் உன் தம்பியக் காப்பாத்துச்சு" என்றார்.

சோணையம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் கிணற்று மண் இன்னும் இருந்தது.

"காப்பாத்துச்சு தாயி. வாரித் தூத்துனத எப்படித் திரும்ப அள்ளுறது?"