முந்தக் கூடாத முதுகு

இருமல் நின்றுபோயிருந்தது.

மாசிங் அதை உடனே கவனிக்கவில்லை. காலையிலிருந்து அந்த இருமலைக் கேட்டுக் கேட்டு, காட்டில் நாணலை விலக்கும்போதும், கறுப்புச் சாம்பல் வெளியைக் கடக்கும்போதும், வறண்ட ஓடையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கும்போதும் கேட்டுக் கேட்டு, அது அவன் காதிலேயே குடியேறிவிட்டிருந்தது. இப்போது மேகம் இறங்கி முகட்டை மூடிவிட்டது, கந்தகம் தொண்டையைச் சுரண்டுகிறது, அவனே நாலடிக்கு ஒரு தரம் செருமுகிறான். முன்னால் போகிற டோஃபோர் மட்டும் சத்தமே இல்லாமல் நடக்கிறான்.

தேவலையாகிவிட்டது போல என்று நினைத்தான். நினைத்ததும் எரிச்சல்தான் வந்தது. தேவலையானவன் கொஞ்சம் எட்டி நடக்கலாமே! வெளிச்சம் இருக்கும்போதே எரிமலை உச்சிக்குப் போய், எரிகிற குழியை ஒரு கண் பார்த்துவிட்டு இறங்க வேண்டாமா?

முந்திக்கொண்டு போக முடியாது. அதுதான் தொல்லை. போன சனிக்கிழமை வரைக்கும் டோஃபோர் அவனுடைய கூட்டாளி. கூடவே வளர்ந்தவன், கூடவே அடி வாங்கியவன். சனிக்கிழமை டோஃபோர் வீட்டு முற்றத்தில் பரிசப் பன்றிகள் கைமாறின, அவன் தங்கை எவ்லினை மாசிங்குக்குக் கொடுப்பதென்று பேச்சு முடிந்தது. அந்த நொடியிலிருந்து எவ்லினின் அண்ணன் இவனுக்கு மச்சான். மச்சான் பெயரை வாயால் சொல்லக் கூடாது. தோளைத் தொடக் கூடாது. பின்னாலிருந்து கத்திக் கூப்பிடக் கூடாது. பாதையில் அவன் முன்னே போனால் இவன் தாண்டக் கூடாது. இவனிடம் அவனுக்கும் அதே கட்டுதான்.

மூன்றாவது கூட்டாளி ஜோனாஸுக்கு இதில் கொண்டாட்டம். வழி நெடுக அவன்தான் தூது.

"டோஃபோர், உன் மச்சானுக்கு மெதுவா நடந்து காலு வலிக்குதாம்."

"நான் அப்படிச் சொன்னேனாடா?" என்றான் மாசிங்.

"மூஞ்சி சொல்லுதே! டேய், நேத்து வரைக்கும் இவன் பிடரில தட்டிட்டுத் திரிஞ்சவன் நீ. இன்னைக்கு 'வாங்க போங்க'ன்னு ரெண்டு பேரும் குழையறதைப் பார்த்தா எனக்குச் சகிக்கல."

டோஃபோர் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் அவனை இரண்டாக மடக்கியது.

புறப்படும்போது எவ்லின் மாசிங்கைத் தனியே நிறுத்திச் சொல்லியிருந்தாள். "அண்ணனுக்கு நெஞ்சு சரியில்ல. சொன்னா கேட்கவும் மாட்டான். மூச்சு வாங்குச்சுன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துடு. நீ இருக்கிற தைரியத்துலதான் விடறேன்."

"பத்திரமா கொண்டுவந்து சேர்ப்பேன்" என்று சொன்னவன் அவன்தான். எப்படிச் சேர்ப்பது? முன்னால் போய் மறிக்கக் கூடாது, கையைப் பிடித்து இழுக்கக் கூடாது!

முகட்டின் அடிவாரத்தில் கல் கிழித்து ஜோனாஸின் பாதத்தில் ரத்தம் கொட்டியது. "நீங்க போங்க. நான் நெருப்பு மூட்டிச் சேப்பங்கிழங்கு சுடறேன்" என்று உட்கார்ந்துவிட்டான். பிறகு மாசிங்கைப் பார்த்துக் கண்ணடித்தான். "நான் இல்லாம பேர் சொல்லக்கூட ஆள் கிடையாதேடா உனக்கு. பரவாயில்ல. இருமல் கேக்குற வரைக்கும் மச்சான் உசுரோட இருக்கான்னு வெச்சுக்கோ."

அதற்குப் பிறகுதான் மேகம் இறங்கியது. முகட்டுப் பாதை ஒரு வெட்டுப்பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வளைகிற இடத்தில் டோஃபோர் வெள்ளைக்குள் மறைந்தான். கற்கள் சரசரவென்று சரிந்தன. யாரோ மூச்சை உள்ளிழுத்த மாதிரி ஒரு சத்தம்.

"மச்சான்?" மாசிங் மெல்லத்தான் கேட்டான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான்.

மேகம் கொஞ்சம் விலகியது. அதோ முதுகு. தாழை ஓலைக் கூடை தொங்க, குனிந்தபடி, அதே மந்த நடையில் மேலே போய்க்கொண்டிருந்தது. அப்பாடா என்றிருந்தது மாசிங்குக்கு. அதன் பின்னாலேயே ஏறத் தொடங்கினான்.

அதிலிருந்துதான் இருமல் இல்லை.

இரண்டு பக்கமும் சரிவு, நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலம். மேலிருந்து சாம்பல், சலித்த மாவு மாதிரி ஓசையில்லாமல் இறங்கியது. மாசிங் தலையை உதறினான், தோளைத் தட்டினான், கண்ணைத் துடைத்தான். முன்னால் போகிறவன் எதையும் தட்டவில்லை. தோளில் சாம்பல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. கூடை மேலும் ஏறியிருந்தது. காலையெல்லாம் அந்தக் கூடையிலிருந்து சுட்ட மீன் வாடை வந்துகொண்டே இருந்தது. இப்போது கந்தகம் மட்டும்.

"மச்சான், திரும்பிடலாமா? ஒண்ணும் தெரியலையே."

முதுகு ஏறிக்கொண்டே போனது. ரொம்பத்தான் மச்சான் முறை கொண்டாடுகிறான் என்று பல்லைக் கடித்தான்.

கீழே, பின்னால், யாரோ இருமினார்கள்.

ஜோனாஸ்தான். கிழங்கைச் சுட்டுக்கொண்டே நக்கல் பண்ணுகிறான். இரு, வந்து பேசிக்கொள்கிறேன். மறுபடியும் இருமல். ஈரமாக, பலவீனமாக, நடுநடுவே விட்டு விட்டு. நன்றாகத்தான் நடிக்கிறான்.

பிறகு பாட்டு கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் பாட்டு, சுருதி விலகி. ஜோனாஸின் குரல். தூரத்தில், அடிவாரத்தில்.

அவன் பாடும்போதே இருமல் கேட்டது.

பாட்டு அடிவாரத்திலிருந்து. இருமல் வெட்டுப்பள்ளத்திலிருந்து.

மாசிங் நின்றான். கற்கள் சரிந்தது நினைவுக்கு வந்தது. அந்த மூச்சு நினைவுக்கு வந்தது. முன்னால் இருந்த முதுகைப் பார்த்தான். சாம்பல் தோளில் இரண்டு விரற்கடை. நடந்தும் ஒரு துகள் உதிரவில்லை.

மச்சானாவது கிச்சானாவது.

"டோஃபோர்!"

பள்ளத்திலிருந்து இருமல் பதில் சொன்னது. உடனே. இரண்டு தரம்.

முன்னால் நடந்தது நின்றது.

அது திரும்புவதற்குள் மாசிங் திரும்பிவிட்டான். ஓடினான். கால் சறுக்கியது, முழங்கை கிழிந்தது, எழுந்தான். "டோஃபோர், இதோ வர்றேன்டா! வந்துட்டேன்!" எத்தனை நாளாக அடக்கிவைத்த 'டா'. இருமல் கிட்டே வந்தது. வலது பக்கம், கொஞ்சம் கீழே. இன்னும் அந்த வளைவு மட்டும்தான்.

வளைவில் முதுகு.

அவனுக்கு முன்னால். கீழ்நோக்கிய பாதையில். அதே கூடை. அதே குனிவு. பாதையின் அகலம் முழுக்க.

"வழி விடு."

அசையவில்லை.

"வழி விடுன்னு சொல்றேன்ல! அவன் கீழ கிடக்கான்!"

பள்ளத்தில் இருமல் ஒன்று. நீளமாக. முடிவில் ஒரு கொப்பளிப்பு.

மாசிங் கையை நீட்டித் தோளைப் பிடித்தான். தொடக் கூடாததைத் தொட்டான். சூடு. விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு வரை. எலும்பு தட்டவில்லை. சாம்பல். அடிவரை வெறும் சாம்பல்.

கையைப் பிடுங்கிக்கொண்டான். தோளில் விழுந்த குழி தானாக மூடிக்கொண்டது.

பள்ளத்தைக் காது கொடுத்துக் கேட்டான். அடுத்த இருமலுக்காகக் காத்தான்.

காத்தான்.

முன்னால் இருந்த முதுகு குலுங்கியது. இரண்டாக மடங்கியது. இருமியது. டோஃபோரின் இருமல். காலையெல்லாம் கேட்ட அதே இருமல்.

அடிவாரத்தில் பாட்டு நின்றது. ஜோனாஸ் சந்தோஷமாகக் கத்தினான். "டோஃபோர்! இருமல் கேக்குதுடா! வாங்க வாங்க, கிழங்கு கருகுது!"

முதுகு நிமிர்ந்தது. கூடையைச் சரிசெய்துகொண்டது. குரல் வந்த பக்கம், ஊர் இருக்கிற பக்கம், நிதானமாக இறங்கத் தொடங்கியது.

பாதையில் ஓர் ஆளுக்குத்தான் இடம். மாசிங் அதன் பின்னால் நடந்தான்.