உடன் இருந்தோர்: ஆண் ஒருவர்

நாழிகைச்சீட்டில் நான்கே வரிகள்தான் இருந்தன.

நாள்: 14 ஆகஸ்ட் 2041. நேரம்: மாலை 4.10 முதல் 5.42 வரை. இடம்: வீடு. உடன் இருந்தோர்: ஆண் ஒருவர்.

ரித்தீஷ் அதை மூன்று முறை படித்தார். திருப்பூரில் இருபத்தெட்டு வருடமாகப் பனியன் துணியில் ஓட்டை தேடுவது அவருடைய தொழில். விளக்கு எரியும் மேசைமேல் துணியை ஓடவிட்டு, விட்டுப்போன ஒற்றை இழையைக்கூடச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட கண்ணுக்கு நாலாவது வரியில் இருந்த ஓட்டை பஸ் போகிற அளவுக்குத் தெரிந்தது. அந்த ஆகஸ்டில் அவர் வீட்டிலேயே இல்லை. நூல் பார்க்க முதன்முதலாக சூரத்துக்குப் போயிருந்தார்.

அவருடைய மனைவி தன்ஷிகா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கர்ப்பப்பையில் எலுமிச்சை அளவில் ஐந்து நார்க்கட்டிகள். அடுத்த வியாழக்கிழமை கர்ப்பப்பையையே எடுத்துவிடுவதாக முடிவாகியிருந்தது. பாக்கியிருந்தது ஒரே ஒரு கேள்வி, என்ன மயக்கம் கொடுப்பது என்பது.

மயக்க மருத்துவர் ரிஸ்வானா பொறுமையாக விளக்கினார். "முழு மயக்கம்னா தொண்டைக்குள்ள குழாய் போடணும். மேடத்துக்கு மூச்சிரைப்பு இருக்கிறதால எனக்கு அதுல இஷ்டமில்ல. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைக்கலாம். வலி இருக்காது. ஆனா முழிச்சிட்டிருப்பாங்க. கத்தரி சத்தம், இழுக்கிற உணர்வு எல்லாம் தெரியும்."

"ஐயோ, வேண்டாங்க டாக்டர்," என்றாள் தன்ஷிகா. "தையக்கடையில கத்தரி சத்தம் கேட்டாலே நான் எந்திரிச்சு வெளிய வந்துருவேனுங்க."

"அதான் மூணாவது வழி. முதுகு ஊசியோட நாழிகை மயக்கம்."

நாழிகை மயக்கம் தெரியாதவர்கள் அந்தக் காலத்தில் ஊரில் கிடையாது. நாழிகைத்தேடி என்ற தலைக்கவசத்தை மாட்டினால், அது நினைவுகளைத் துழாவி, வாழ்நாளிலேயே மனம் மிகவும் நிம்மதியாக இருந்த நேரத்தைக் கண்டுபிடித்து நாழிகைச்சீட்டாக அச்சடித்துத் தரும். அறுவை நடக்கும்போது நோயாளி அந்த நேரத்துக்குள் போய்க் குடியிருப்பார். மருந்து குறைவு, செலவு குறைவு, வாந்தி இல்லை. பக்கவிளைவு நோயாளிக்கு வராது, வீட்டுக்காரருக்குத்தான் வரும். சீட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பதிகள் திருப்பூரில் தெருவுக்கு இரண்டு ஜோடி இருந்தார்கள்.

சீட்டைக் காட்டாமல் இருக்கவும் முடியாது. உண்மையில் நடக்காத நேரத்தை மனம் சொந்தமாகத் தைத்து வைத்திருந்தால், பாதி அறுவையில் தையல் பிரிந்து நோயாளி விழித்துக்கொள்வார். அதனால் அந்த நேரம் நிஜமாகவே நடந்தது என்று நெருங்கிய உறவினர் ஒருவர் மெய்ச்சான்று போட வேண்டும். போட்டவரே அறுவையின்போது தலைமாட்டில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். நினைவு அறுந்தால் அவர்தான் பேசி ஒட்டவைக்க வேண்டும்.

"புதன்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க சார்," என்றார் ரிஸ்வானா. "இல்லன்னா முழு மயக்கம்தான். அதுக்கு அவங்க நுரையீரல் என்ன சொல்லுமோ, எனக்குத் தெரியாது."

ஆட்டோவில் வரும்போது ரித்தீஷ் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார். "யாரு அந்த ஆளு?"

தன்ஷிகா திரும்பிப் பார்த்தாள். "தேதியப் பாத்துமா ஞாபகம் வரலீங்க?"

"நாந்தான் ஊர்லயே இல்லயே. எனக்கெப்படி ஞாபகம் வரும்?"

"அப்பச் சரி. நீங்களே கண்டுபுடிங்க. ஓட்டை கண்டுபுடிக்கறதுதானுங்களே உங்க வேலை?"

அதற்குப் பிறகு ரித்தீஷின் கற்பனைதான் வீடுவரை பேசிக்கொண்டே வந்தது.

அவருக்குச் சந்தேகப்பட வேறு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அப்போது குடியிருந்த வாடகை வீட்டின் மாடியில் ரெஜினால்டு என்று ஒருவன் இருந்தான். சுருட்டை முடி. கீபோர்டு வாசிப்பான். கறிவேப்பிலை வேண்டுமா என்று கேட்கக்கூடக் கீழே இறங்கி வருவான். இருபத்து மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தக் கறிவேப்பிலை ரித்தீஷின் தொண்டையில் சிக்கியது.

சனிக்கிழமை காலை ரெஜினால்டின் வண்ணமீன் கடையைத் தேடிக் கண்டுபிடித்துப் போய் நின்றார். சுருட்டை முடி போன இடம் தெரியவில்லை. மொட்டைத் தலையில் மீன்தொட்டியின் நீல வெளிச்சம் அலையடித்தது. ரித்தீஷுக்கு அதைப் பார்த்ததில் ஒரு சின்ன சந்தோஷம். அதைப் பொறாமைக்கான முன்பணமாக வாங்கிக்கொண்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நானா?" ரெஜினால்டு வலையைக் கீழே போட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்த முகத்தில் வெளிச்சம் ஏறியது. "சீட்டுல எம்பேரு இருக்குங்களா?"

"பேரெல்லாம் வராது. ஆண் ஒருவர்னு இருக்குது."

"ஆகஸ்டு பதினாலு..." ரெஜினால்டு கண்ணை மூடி யோசித்தார். உண்மையாகவே கஷ்டப்பட்டு யோசித்தார். "கறிவேப்பிலை கொண்டாந்து குடுத்திருப்பேன். ஆனா ஒன்றரை மணி நேரம் குடுத்திருக்க மாட்டேனுங்களே. நல்லாப் பாருங்க சார், எதுக்கும் நானா இருந்தாலும் இருக்கும்."

"நானில்லைன்னு நீ சொல்லணும்னுதான்யா வந்தேன்!"

"ஓ." ரெஜினால்டின் முகம் அணைந்தது. ஒரு மீனுக்கு இரை போட்டார். "கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் எங்கூட்டுக்காரிக்குப் பித்தப்பை எடுத்தாங்க. சீட்டு வந்துச்சு. உடன் இருந்தோர்: எவரும் இல்லைன்னு. இருபது வருஷக் கல்யாணத்துல அவளுக்கு நிம்மதியா இருந்த நேரம், நான் வேளாங்கண்ணி போயிருந்த ஒரு மத்தியானம். கையெழுத்துப் போட்டேன். நான் அங்க இல்லவே இல்லைன்னு மெய்ச்சான்று." தொட்டிக் கண்ணாடியை விரலால் துடைத்தார். "உங்க சீட்டுல ஒரு ஆளாவது இருக்காருங்க சார். யாரோ ஒருத்தர்."

ஆறுதல் சொல்ல வந்தவர்போல ரித்தீஷ் அவருடைய தோளைத் தட்டவேண்டியதாகிவிட்டது. திரும்பும்போது ஒரு ஜோடி தங்கமீனும் வாங்கவேண்டியதாகிவிட்டது.

திங்களும் செவ்வாயும் வீட்டில் தங்கமீன்கள் மட்டும்தான் வாயைத் திறந்தன. புதன்கிழமை மதியம், சான்றில் கையெழுத்து இல்லாமலேயே மருத்துவமனைக்குப் போய் ரித்தீஷ் சண்டை பிடித்தார்.

"நடந்ததா நடக்கலயான்னு எனக்கெப்படித் தெரியும் டாக்டர்? நான் அன்னைக்கு சூரத்துல இருந்து திரும்பிட்டு இருக்கேன், ரயில்ல. எங்கூட்டுல எவன் வந்து உட்கார்ந்திருந்தான்னு..."

ரிஸ்வானா சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கினார். "சார், நாழிகைத்தேடி குரலைத்தான் எண்ணும். ஆளு பக்கத்துல இருந்தாரா, போன்ல இருந்தாரான்னு அதுக்குத் தெரியாது."

ரித்தீஷ் வராந்தாவுக்குப் போய், தொலைபேசி நிறுவனத்தின் பழைய அழைப்புப் பதிவுகளைக் கேட்டு வாங்கினார். 14.08.2041, மாலை 4.10. பேசிய நேரம்: தொண்ணூற்று இரண்டு நிமிடம். அழைத்த எண்: அவருடையது.

அந்த ஆள் அவர்தான்.

நியாயப்படி அவர் அப்போது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டார், லிஃப்ட் வருகிற வரைக்கும். அப்புறம்தான் உறைத்தது. தொண்ணூற்று இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட அவருக்கு நினைவில்லை. அந்த மாதம் நன்றாக நினைவிருந்தது. மூன்று வாரம் முன்னால்தான் அவர்களுடைய முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தது. வீட்டில் அவளுடைய முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் அவர் சூரத் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினார். ஓடினது ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் கூப்பிட்டது ஞாபகம் இல்லை. அந்த நேரத்தில் அப்படி என்னதான் பேசினான் அந்த இருபத்தெட்டு வயதுக்காரன்? இப்போதெல்லாம் அவர் போன் செய்தால், "பால் வாங்கணுமா?" என்பதோடு பதினோரு நொடியில் முடிந்துவிடும்.

ரெஜினால்டாக இருந்தால் அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்துத் தேறிக்கொள்ளலாம். இவனை என்ன செய்வது? தலை நிறைய முடி வேறு வைத்திருந்தான், பாவி.

"நன்றாக நினைவிருக்கிறது" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, "கண்டுபுடிச்சுட்டேன் புள்ள," என்றார்.

தன்ஷிகாவின் முகம் மலர்ந்தது. "ஞாபகம் வந்துருச்சுங்களா?"

"வராம?" என்றார், தெரிந்தே துணியில் ஓர் ஓட்டையை விட்டுவைத்தவராக.

வியாழக்கிழமை அறுவை அரங்கில், தலைமாட்டில் போட்ட முக்காலியில் உட்கார்ந்தார். முதுகில் ஊசி போட்டாயிற்று. நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் நடப்பதை அவர் பார்க்க வேண்டியதில்லை. தலைக்கவசம் மெல்ல முனகியது. தன்ஷிகா கண்களை மூடியபடி பேச ஆரம்பித்தாள். ஐம்பதை நெருங்குகிறவளின் வாயில் இருபத்து நாலு வயதுக் குரல்.

"ரயிலு எதுக்குங்க நின்னுருச்சு? ...ஓ. ...எந்த ஊருன்னே தெரியலயா?"

அந்தப் பக்கத்துக் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. இடைவெளிகளில் என்ன இருந்திருக்கும் என்று ரித்தீஷ் குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஆடா? பெஞ்சு மேலயா? ...பொய் சொல்லாதீங்க." சிரித்தாள். அடிவயிறு திறந்துகிடக்க, அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எத்தனை வருடம் இருக்கும்? "வெள்ளரிக்காய்க்காரருக்கும் ஆட்டுக்கும் சண்டையா? யாரு ஜெயிக்கறாங்க?"

ரித்தீஷ் பல்லைக் கடித்தார். இவ்வளவுதானா? ஆடும் வெள்ளரிக்காயுமா? இதை நானே சொல்லியிருப்பேனே! அப்புறம், சொன்னது தானேதான் என்பது ஞாபகம் வந்து இன்னும் எரிந்தது.

நாற்பது நிமிடம் போனது. அவள் இடையில் நெடுநேரம் சும்மா இருந்தாள். பிறகு மிக மெதுவாக, "இல்லீங்க. அழுகல," என்றாள். மறுபடி இடைவெளி. "நீங்களும் அழுகலயா? ...சரி. அப்ப ரெண்டு பேரும் அழுகல."

கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. ரித்தீஷ் கைக்குட்டையைத் தேடினார். அப்போதுதான் அவள் குரல் மாறியது.

"ஹலோ? ...ஹலோ? கேக்குதுங்களா?"

கருவி கீச்சிட்டது. நாடித்துடிப்பு எண் ஏறியது. ரிஸ்வானா நிமிர்ந்தார். "சார், நினைவு அறுந்த மாதிரி இருக்கு. இல்ல, அன்னைக்கே சிக்னல் போச்சா? சீக்கிரம் சொல்லுங்க, உங்களுக்குத்தானே தெரியும்?"

அவருக்குத் தெரியாது. நன்றாக நினைவிருக்கிறது என்று எழுதிக்கொடுத்த மனிதருக்கு எதுவுமே தெரியாது. எண் இன்னும் ஏறியது. திரைக்கு அந்தப் பக்கம் எல்லாக் கைகளும் நின்றன.

"தன்ஷி," என்று அவள் காதருகே குனிந்தார். "நாந்தான். கேக்குது. போயிடாத புள்ள. இங்கதான் இருக்கேன், எங்கயும் ஓட மாட்டேன். நான் அப்ப ஓடியிருக்கக் கூடாது."

தன்ஷிகாவின் புருவம் சுருங்கியது. பிறகு முகம் தெளிந்தது. எண் இறங்க ஆரம்பித்தது.

"வந்துட்டீங்களா," என்றாள், அவரிடம் இல்லை. "நடுவுல யாரோ பெரியவர் குறுக்க பேசறாருங்க. விடுங்க, நீங்க சொல்லுங்க. ஆடு எறங்கிருச்சா?"

அன்றைக்கு சிக்னல்தான் போயிருந்தது. பொறுத்திருந்தால் அவனே திரும்பி வந்திருப்பான். ரித்தீஷ் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் மனைவியின் காதிலிருந்து தன் இளவயதுக் குரலாலேயே வெளியே அனுப்பப்பட்ட மனிதர் எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வெளியே வந்ததும் ரிஸ்வானா தணிந்த குரலில் சொன்னார். "ஒண்ணு சொல்லணும் சார். மறுபடி நினைக்கிற நினைவு ஈரச் சிமெண்டு மாதிரி. அந்த நேரத்துல நீங்க பேசினது அதுலயே பதிஞ்சிருக்கும். இனிமே அவங்க எப்ப நினைச்சாலும் நீங்களும் அதுக்குள்ள இருப்பீங்க."

"நானாவா?"

"அது அவங்களுக்குத் தெரியாது. ஒரு பெரியவரா."

சாயங்காலம் தன்ஷிகா கண்விழித்தாள். அவர் நீட்டிய தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள்.

"எனக்கு ஞாபகமில்ல புள்ள," என்றார் ரித்தீஷ். கேட்காமலேயே வந்துவிட்டது. "அந்தப் போனு, ஆடு, எதுவுமே. பொய்க் கையெழுத்துத்தான் போட்டேன்."

அவள் டம்ளரை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க எந்தத் தேடியும் இல்லை.

"நீ சொல்லேன்," என்றார். "மொதல்ல இருந்து. அவன் என்ன சொன்னான்?"

அவள் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பேர் தெரியாத ஸ்டேஷன், பெஞ்சின் மேல் ஏறிய ஆடு, அதை விரட்டப் போய் வெள்ளரிக்காய்க் கூடையைத் தவறவிட்ட மனிதர், ஓடாத ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட இருவர். "அவர்", "அவர்" என்று மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோலவே சொன்னாள். ஒவ்வொரு "அவர்" வரும்போதும் ரித்தீஷின் நெஞ்சில் ஊசி ஏறியது. ஆனாலும், "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்புறம் சிக்னல் போயிருச்சு. நடுவுல ஒரு பெரியவர் லைன்ல வந்துட்டாருங்க." தன்ஷிகா கண்களை மூடிக்கொண்டாள். "இத்தன வருஷமா நான் அவரப் பத்தி நெனச்சதே இல்ல பாருங்க. யாருகிட்டயோ பேசணும்னு ரொம்பத் தவிச்சிருக்காரு. ராங் நம்பர் போல. கொரல் எப்படி நடுங்குச்சு தெரியுங்களா? பாவம், நாந்தான் காது குடுத்துக் கேக்கல."