வெள்ளிக்கிழமைதோறும் வீடு மாறுகிறவள்

குளியலறைக் கண்ணாடியின் கீழ்ப்பாதியில் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

வருடத்தின் கடைசி நாள் காலை. அவன் அப்போதுதான் எழுந்து வந்திருந்தான், குழாயைக்கூடத் திறக்கவில்லை, ஆவி படிய வழியே இல்லை. அந்தக் கண்ணாடியைத் தன் மார்பளவுக்கு இறக்கி மாட்டியிருந்தான். மகள் எக்கி எக்கிப் பார்த்துச் சலித்துப்போய், "ஒண்ணு நான் வளரணும், இல்லன்னா கண்ணாடி இறங்கணும்ப்பா" என்று ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், அன்றிலிருந்து முட்டியை மடக்கி நின்றுதான் சவரம் செய்கிறான். உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த அந்த மூச்சு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, மறைந்தது.

அவன் அலறவில்லை. "எழுந்துட்டியா மிளகு?" என்று மெல்லக் கேட்டான்.

மகள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். சலவைக்கடை ஒன்றின் மாடியில் ஒற்றை அறையும், ஒட்டுப்போட்டதுபோல ஒரு குளியலறையும்தான் அவன் வீடு. கீழே நாள் முழுக்க எந்திரங்கள் சுழல்வதால் தரை எப்போதும் வெதுவெதுவென்றிருக்கும். சோப்பு வாசனையும் ஈரத்துணியின் ஆவியும் சன்னல் வழியாக மேலேறி வரும். மகள் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்து, "இப்ப அலசுதுப்பா... இப்ப பிழியுது" என்று அறிவிப்பாள். பிரிந்துபோன மனைவி பல் மருத்துவர். பத்தாவது மாடியில் அவள் வீடு. சில்லென்ற தரை, வெள்ளைச் சுவர்கள், சத்தம் என்பது மருந்துக்கும் கிடையாது. நின்றுபோன ஒரு லிஃப்டிலிருந்து அவளைக் கைபிடித்து வெளியே இழுத்துவிட்டவன் அவன்தான். எல்லாம் அப்படித்தான் தொடங்கியது. பிரியும்போது அவள், "அன்னைக்கு அந்த லிஃப்டுக்குள்ளயே இருந்திருக்கலாம்" என்றாள்.

அப்போது மகள் கைக்குழந்தை. அதன்பிறகு ஒரு வாரம் அப்பா வீடு, மறுவாரம் அம்மா வீடு, வெள்ளிக்கிழமை மாலை மாற்றம். இங்கே அவள் மிளகு, அங்கே பாப்பா. இங்கே அப்பாவின் பக்கத்தில் தரையில் படுக்கை, அங்கே தனி அறை, தனிக் கட்டில். அப்பாவையும் அம்மாவையும் ஒரே கூரையின் கீழ் நினைவு தெரிந்து அவள் பார்த்ததே இல்லை.

எட்டு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை. வார முறை ஏதோ காரணத்தால் முன்பின்னாக மாறியிருந்தது. பள்ளிக்கூட வாசலுக்கு மனைவி போவாள் என்று இவன் நினைத்தான், இவன் போவான் என்று அவள் நினைத்தாள். நின்று நின்று பார்த்துவிட்டுப் பிள்ளை தானே நடந்து கிளம்பிவிட்டது. பள்ளிச்சாலை போய் முட்டும் முச்சந்தியில் இடது பக்கம் சலவைக்கடைத் தெரு, வலது பக்கம் அடுக்குமாடி. லாரி மோதியது நட்டநடுவில். அவள் எந்தப் பக்கம் திரும்ப இருந்தாள் என்று சொல்ல ஆளில்லை.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருவரும் கடைசியாகச் சண்டையிட்டது அதற்காகத்தான்.

"என்கிட்டதான் வந்துட்டு இருந்தா."

"இல்ல. என்கிட்ட."

அதோடு பேச்சு நின்றது.

மகள் வரத் தொடங்கியது சில வாரங்கள் கழித்து. தலையணையில் ஒரு குழிவு. தண்ணீர் டம்ளரின் விளிம்பில் சின்ன உதட்டின் தடம். தூக்கத்துக்கு நடுவே அவன் முழங்கையோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வெதுவெதுப்பு, தரையினுடையது அல்ல. ஒரு வாரம் இருக்கும், மறுவாரம் அறை வெறும் அறையாகிவிடும், அடுத்த வெள்ளிக்கிழமை மாலை படிக்கட்டில் காலடி கேட்கும். அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் போய்விடுவாளோ என்ற பயம்தான் அவனுக்கிருந்த ஒரே பயம்.

அன்று காலை அவன் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி. எடுத்தான்.

"இந்த வாரம் அவ உங்ககிட்டதானே இருக்கா?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். "ஆமா" என்றான்.

அவள் உடைந்து அழுதாள். "எனக்குத்தான் மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சேன். என் வாரத்துல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் தானா மேல வருது. கதவு திறக்குது. உள்ள யாருமில்ல. சென்சார் கோளாறுன்னு சொல்லுவீங்க."

"சொல்லல."

"ராத்திரியெல்லாம் அவ கட்டில் ஓரத்துலயே உக்காந்திருக்கேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். உங்க படியில ஏறி வரும்போது எப்படி வர்றா?"

"எப்படின்னா?"

"நடை."

அவனுக்குத் தெரியும். முதல் தடவை இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். அடுத்த தடவை ஒவ்வொரு படியாக. பிறகு ஒரு கால் மட்டும் பின்தங்கியது. சென்ற வெள்ளிக்கிழமை அந்தக் காலைப் படி ஓரத்தில் இழுத்து இழுத்து, நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஏறி வந்தாள். கேட்டும் கேட்காதவன்போலப் போர்வையை உதறிக்கொண்டிருந்தான்.

"வீடு மாறும்போதெல்லாம் அந்த முச்சந்தி முக்கைத் தாண்டணும்ல அவ" என்றாள் மனைவி. "ஒவ்வொரு தடவையும் அங்க... ஒவ்வொரு தடவையும் அவளுக்கு..."

"போதும்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. புது வருஷமும் அதுவுமா பிள்ளையை மறுபடியும் அந்த ரோட்டுல விடவேண்டாங்க. அவ அங்கயே இருக்கட்டும். நான் வந்துடறேன். ரெண்டு வீடு இருந்தாத்தானே மாறணும்?"

மறுநாள், வருடத்தின் முதல் நாள், பகல் சாயும் நேரத்தில் ஒரு துணிப்பையோடு அவள் வந்தாள். இந்த மாடிப்படியை ஒருநாளும் மிதித்ததில்லை. படிக்கட்டின் கீழே, சலவைக்கடையின் மூடிய கதவருகில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். இளைத்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் தயங்கினாள். "வா" என்றான்.

அவள் உள்ளே கால் வைத்த நொடியில் அறை குளிர்ந்தது.

அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாரம் முழுக்க முழங்கையோரம் இருந்த வெதுவெதுப்பு, ஒரு பிள்ளை சட்டென்று எழுந்து விருந்தாளிக்கு இடம் விட்டுவிட்டு வெளியே போவதுபோலப் போய்விட்டது. மனைவியிடம் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்படியொரு ஆசை இருந்தது.

"இங்கதான் காது வைப்பாளா?" என்று கேட்டு, அவன் காட்டிய இடத்தில் அவளும் குப்புறப் படுத்துத் தரையில் கன்னத்தை வைத்தாள். "ஒண்ணும் கேக்கலையே."

"இன்னைக்குக் கடை லீவு."

எந்திரங்கள் நின்றுபோன கட்டடம் அவனுக்கே அந்நியமாக இருந்தது. தரை ஈரக்கல் மாதிரி, சோப்பு வாசனை புளித்து, குழாய்க்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்து, வெகுநேரம் கழித்து இன்னொன்று விழுந்து, சன்னலுக்கு வெளியே விடுமுறைத் தெரு ஆளற்று நீண்டு, அதன் முனையில் முச்சந்தியின் விளக்கு எரிவதா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. சுவரோரமாக இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு. இருட்டியது. விளக்கைப் போட இருவருக்கும் மனமில்லை.

"இருக்காளா?" என்று அவள் குசுகுசுத்தாள்.

"இருக்கா" என்று பொய் சொன்னான்.

அவள் கையை நீட்டி அந்த வெற்றிடத்தை மெதுவாகத் தடவினாள். "கண்ணு... அம்மா வந்துட்டேன். இனிமே எங்கயும் போகவேண்டாம்" என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இப்போது பிள்ளை பத்தாவது மாடியில், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். யாரும் திறக்கமாட்டார்கள். திரும்பி இங்கேதான் வரவேண்டும். மறுபடி அந்த முக்கைத் தாண்டி.

கீழே படியில் ஏதோ உரசியது.

ஒரு காலடி. பிறகு இழுக்கும் சத்தம். பிறகு நீண்ட ஓய்வு, மூச்சு வாங்குவதுபோல. மறுபடி ஒரு காலடி. மனைவி அவன் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது. தார் வாசனை வந்தது, கருகிய பிரேக்கின் வாசனை வந்தது. சத்தம் வாசலில் நின்றது.

கதவின் கீழ்ப்பாதியில், தாழ்வாக, மூன்று தட்டல்.

திறந்தான்.

நான்கு மாதமாக அடையாளங்களாக மட்டும் இருந்தவள் முழுசாக நின்றாள். பள்ளிச் சீருடை. முதுகில் பை. முகத்தின் ஒரு பாதியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள், கூச்சப்படும் பிள்ளையைப்போல. தெரிந்த பாதி அப்படியே அவள்தான்.

"மிளகு!"

"பாப்பா!"

இரண்டு பெயரும் ஒன்றாக விழுந்தன. பிள்ளை அவனைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. மறுபடி அவனை. ஒன்றாக நிற்கும் அந்த இருவரையும் அடையாளம் தெரியாமல் அதன் நெற்றி சுருங்கியது. பிறகு, யார் வீட்டுக் கதவையோ தட்டிவிட்ட நல்ல பிள்ளையின் குரலில்,

"சாரி ஆன்ட்டி. வீடு மாறி வந்துட்டேன்" என்றது.

திரும்பி இறங்கியது.

மனைவியின் வாயிலிருந்து வந்தது அழுகையாக இல்லை. அவன் பாய்ந்தான், படியில் யாருமில்லை. சன்னலுக்கு ஓடினான். தெருவும் காலி. முச்சந்தியில் எதுவுமில்லை. ஆனால் அங்கிருந்து அது வந்தது. டயர் தேயும் ஓலம். அதன் பின்னால், மெத்தென்று, சின்னதாக ஒரு சத்தம்.

அமைதி.

பிறகு படியில் உரசல். முன்னைவிட மெதுவாக.

"நம்மை ஒண்ணா பாத்து அவளுக்கு அடையாளம் தெரியல" என்றாள் மனைவி. பல் கிட்டித்திருந்தது. "நான் ஒளிஞ்சிக்கறேன். உங்களை மட்டும் பாக்கட்டும். அப்பா வீடுன்னு தெரிஞ்சிடும். உள்ள கூப்பிட்டுக்குங்க." குளியலறைக்குள் போய் இருட்டில் நின்றுகொண்டு கதவைச் சாத்தித் தாழிட்டாள். கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு விம்மலை அடக்குவது அவனுக்கு இங்கே கேட்டது.

காலடி. இழுவை. காலடி.

தட்டவில்லை. கதவு திறந்துதான் கிடந்தது.

"அப்பா" என்றாள் மிளகு.

அவன் இரண்டு கையையும் விரித்தான். "உள்ள வாடா. வந்துடு. இங்கயே இருந்துக்கலாம்."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைப்பா. அம்மா வீடு." வாசலோரம் சாத்தியிருந்த குளியலறைக் கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்று சொன்னாள். "அங்க போனேன். அம்மா இல்ல. லேட்டா வருவாங்களா இருக்கும். திரும்பப் போகணும். அம்மா தேடுவாங்கல்ல?"

கதவுக்குப் பின்னால் ஏதோ சரிந்து உட்கார்ந்தது.

"கால் வலிக்குதுப்பா" என்றாள். கையை நீட்டினாள். "அந்த முக்கு வரைக்கும் கொண்டுபோய் விடறியா?"

விடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தனியாகப் போவாள். தனியாகப் போய் அங்கே மறுபடி. மறுபடி. அவன் அந்தக் கையைப் பிடித்தான். ஈரம். மணல். விரல்கள் இருந்த இடத்தில் எல்லா விரலும் இல்லை. இறுகப் பிடித்தான்.

இறங்கினார்கள். அவள் காலுக்கு ஏற்ற வேகத்தில். கீழே செருப்பை மாட்டிக்கொண்டான். தெரு முழுக்க இருட்டு. பின்னால் மாடியில் குளியலறைத் தாழ்ப்பாள் தடதடத்தது. "போகாதீங்க! அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க!" என்று மனைவி கத்துவது கேட்டது.

"யாருப்பா அது?"

"யாருமில்லடா."

முச்சந்தி. விளக்கு துடித்தது. இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். அவன் கையைப் பிடித்தபடியே நடுவில் போய் நின்றாள். அவனும் நின்றான்.

"அப்பா."

"சொல்லுடா."

"எனக்கு நடக்க முடியலப்பா. இங்கயே இருந்துடலாமா?"

அவனுடைய பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. முதுகுப் பையை இறக்கித் தாரில் வைத்தாள். குனிந்து, பொறுமையாக, ஷூவின் வாரை அவிழ்த்தாள். ஒன்று. பிறகு மற்றது, அதை இரண்டு கையாலும் பிடித்து உருவ வேண்டியிருந்தது. இரண்டையும் வாசலில் வைப்பதுபோல ஒட்டி, நேராக்கி வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் இடத்தை உள்ளங்கையால் கூட்டிச் சுத்தம் செய்தாள். அவன் காலைப் பார்த்தாள்.

அவன் செருப்பைக் கழற்றினான்.

வாங்கி, தன் ஷூவின் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் முழு முகத்தையும் நிமிர்த்தி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் கண்ணை மூடவில்லை. அந்த முகம் அவன் தோளுக்கு மேலே எதையோ பார்த்து மலர்ந்தது. செருப்புகளுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடத்தை அவள் கூட்டத் தொடங்கினாள்.

வளைவில் வெளிச்சம் திரும்பியது. பெரிய வண்டி.

பின்னால் யாரோ ஓடி வந்தார்கள், வெறுங்காலோடு.