‘உள்ளே’ என்றொரு பிரிண்டர்

அச்சாகிவிட்டது என்று கணினி சொன்னது. ஹால் மேசையில் இருந்த பிரிண்டரோ அசையவே இல்லை. ஆனால் அச்சாகும் சத்தம் மட்டும் கேட்டது. காகிதத்தை இழுக்கும் கரகரப்பு, இடமும் வலமும் ஓடும் விர்ர், கடைசியில் தாள் விழும் சரசரப்பு, எல்லாம் வரிசை தவறாமல் வந்து, மழைக்காக ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்த அந்த வீட்டின் ஏதோ ஒரு மூலையில் போய் அடங்கியது.

அவன் அனுப்பியது ஒரு யானைப் படம். காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருக்கும் மகள், அந்த வாலு, வண்ணம் தீட்டப் படம் வேண்டும் என்று கேட்டால் எந்த அப்பன் மறுப்பான்? நர்ஸான மனைவி மதியம் வேலைக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள்: “இருமல் ஜாஸ்தியானா உடனே போன் பண்ணுங்க. அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழாதீங்க.”

வீட்டில் எல்லாக் கணினியிலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ்தான் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பிரிண்டர் பட்டியலைத் திறந்தான். குடிவந்த அன்று அவன் வைத்த பெயர், ‘ஹால்’. அதற்குக் கீழே இன்னொன்று. ‘உள்ளே’. படம் அதற்குத்தான் போயிருந்தது.

மனைவியின் தம்பிக்கு அலுவலகங்களில் நெட்வொர்க் பராமரிக்கும் வேலை. அவனுக்குப் போன் போட்டான்.

“பக்கத்து வீட்டு பிரிண்டரா இருக்கும் மாமா.”

“பக்கத்துல வீடே இல்ல மச்சான். ரெண்டு பக்கமும் காலி மனை.”

“அப்ப முன்னாடி இருந்தவங்க எங்கயாவது விட்டுட்டுப் போயிருப்பாங்க. நாங்க ஆபீஸ்ல செய்றதைச் செய்ங்க. டெஸ்ட் பேஜ் அனுப்பிட்டு காதைத் தீட்டிக்கிட்டு நடங்க. சத்தம் வர்ற இடத்துல இருக்கும்.”

மடிக்கணினியைக் கையில் ஏந்தியபடி ஒவ்வொரு பக்கமாக அனுப்பினான். பரணில் தூசியைத் தவிர ஒன்றும் இல்லை. சமையலறையில் சத்தம் மெலிதாகக் கேட்டது. நடையில் இன்னும் தெளிவாக. மகளின் அறைக்குள் நுழைந்ததும், அது அவள் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து வந்தது. அந்தச் சுவரில் நீளமாக ஒரு விரிசல். வீட்டுக்காரர் பூசிவிட்டுப் போன மறுவாரமே மறுபடி வாய் திறந்திருந்தது. காதை வைத்தான். ஈரச் சுண்ணாம்பும் மையும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. காதுக்கு நேர் பின்னால், ஒரு தாள் விழுந்தது.

“உள்ள யாருப்பா?”

“எலிகளுக்குப் பரீட்சை. கேள்வித்தாள் அடிக்கிறாங்க.”

வாலு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் இருமி முடிக்கும்வரை சுவருக்குள் எதுவும் அசையவில்லை. அது கவனித்துக் கேட்பதுபோல அவனுக்குத் தோன்றியது. பயமாக இருந்தது.

ஹாலுக்கு வந்து ‘உள்ளே’யைப் பட்டியலிலிருந்து அழித்தான். மறுகணமே அது திரும்ப வந்தது.

மேசையில் இருந்த பிரிண்டர் தானாக விழித்துக்கொண்டது.

ஒரு டெஸ்ட் பேஜ் வெளியே வந்தது. அவன் அனுப்பவில்லை. அனுப்பியவர் என்ற இடத்தில் ‘உள்ளே’ என்று இருந்தது. இன்னொரு பக்கம். அப்போது, மகளின் அறைப் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து ஏதோ தேய்த்துக்கொண்டு நகரும் சத்தம் கேட்டது. பக்கம் முடிந்ததும் நின்றது. அடுத்த பக்கம் தொடங்கியதும் நகர்ந்தது. நடைச் சுவர். சமையலறைச் சுவர். இன்னும் கிட்டே.

காதைத் தீட்டிக்கொண்டு நடக்கிறது. இவ்வளவு நேரம் இவன் செய்த அதே வேலை.

பாய்ந்து பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினான்.

நிசப்தம். மழைகூட விட்டிருந்தது. சமையலறைச் சுவருக்குள் அது நின்றுவிட்டது. வழி தெரியாமல். அடுத்த சத்தத்துக்காக.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இங்கே வந்துகொண்டிருந்தது என்றால், மகளை விட்டு விலகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அதை இழுத்துவந்த சத்தத்தை அவனே நிறுத்திவிட்டான்.

பிளக்கைத் திரும்பச் செருகினான். பச்சை விளக்கு சிமிட்டியது. இது எழுந்திருக்க எப்போதும் நேரமாகும். சீக்கிரம். சீக்கிரம். எழுந்திரு.

உள்ளறையில் வாலு இருமினாள்.

ஒரே ஒரு இருமல்.

சுவருக்குள் தேய்ப்பு இல்லை இப்போது. ஓட்டம்.

அவனும் ஓடினான். நாற்காலி காலை இடறியது. விழுந்தான். எழுந்தான். பின்னால் ஹாலில் பிரிண்டர், எல்லாம் முடிந்தபின், விர்ரென்று உயிர் பெற்றது.

மகள் கட்டிலில் முழங்காலிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிசலிலிருந்து ஒரு தாள் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.

யானைப் படம். கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாகத் தீட்டியிருந்தது. கருஞ்சிவப்பு. இன்னும் காயவில்லை.

“அப்பா, கலரடிச்சுக் குடுத்திருக்காங்க!”

“தொடாதே” என்று அவன் கத்துவதற்குள் அவள் தாளைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. மறுமுனையை உள்ளே இருந்தது விடவில்லை. பிறகு, மெதுவாக, தாள் உள்ளே போகத் தொடங்கியது. அவள் சிரித்துக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.